‘ரொட்டியும் ரோஜாவும்’: இந்த முழக்கத்தை முதலில் சொன்னது யார்?

நூல்கண்டு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மகளிர் நாளுக்காக ஒரு சிறு வெளியீடு தயாராகிறது. அதன் உள்ளட்டையில் “எங்களுக்கு ரொட்டியும் வேண்டும், ரோஜாவும் வேண்டும்” என்ற முழக்கத்தைப் போட்டு, அடியில் நாலு வரி எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தது எல்லோரும் சொல்லும் கதைதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகர நெசவாலைகளில் 1912இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஊர்வலத்தில் இளம்பெண்கள் சிலர் இந்த வாசகம் எழுதிய பதாகையைப் பிடித்து வந்தார்கள். அதைப் பார்த்து நெகிழ்ந்த ஜேம்ஸ் ஓப்பன்ஹைம் கவிதை எழுதினார். பல இடங்களில் இப்படித்தான் படித்திருக்கிறேன், நானே இரண்டு கூட்டங்களில் இப்படிப் பேசியும் இருக்கிறேன்.

கவிதை வெளியான தேதியையும் சேர்க்கலாம் என்று தேடினேன். ‘தி அமெரிக்கன் மேகசின்’ இதழில் 1911 டிசம்பரில் வந்திருக்கிறது. வேலைநிறுத்தம் தொடங்கியதோ 1912 ஜனவரியில். இன்னும் நடக்காத ஊர்வலத்தைப் பார்த்து ஒருவர் எப்படிக் கவிதை எழுதியிருக்க முடியும்? அந்த இடத்திலேயே பேனாவை வைத்துவிட்டேன். தவறான கதையை அச்சில் ஏற்ற எனக்கு மனமில்லை. தெரிந்தவர்கள் உதவுங்கள்.

பழந்தாள்

நூல்கண்டு, சரியான இடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். பழைய இதழ்களைப் புரட்டுவது என் வேலை, அதனால் இந்தக் கவிதையின் தலைக்குறிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியும். கவிதை அப்படியேதான் இருக்கிறது. அதற்கு மேலே போடப்பட்ட ஒற்றை வரி ஒவ்வொரு மறுபதிப்பிலும் மாறிக்கொண்டே போகிறது.

1911 டிசம்பரில் முதலில் அச்சானபோது, “எல்லோருக்கும் ரொட்டி, ரோஜாவும் கூட” என்று முழக்கத்தைக் கொடுத்துவிட்டு, இது “மேற்கில் உள்ள பெண்களின் முழக்கம்” என்று போட்டிருந்தது. கவிஞரே இதைத் தன் சொல் என்று சொல்லவில்லை, கவனியுங்கள். 1912 ஜூலையில் ‘தி சர்வே’ இதழ் மறுபதிப்பு செய்தபோதும் அதே வரிதான். அதே ஆண்டு அக்டோபரில் சிகாகோவிலிருந்து வந்த ‘தி பப்ளிக்’ வார இதழ் கவிதையை எடுத்துப் போட்டது. அங்கே அது “சிகாகோ பெண் தொழிற்சங்கத்தினரின்” முழக்கம் ஆகிவிட்டது. 1915இல் அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் தொகுத்த ‘தி க்ரை ஃபார் ஜஸ்டிஸ்’ நூலில்தான் லாரன்ஸ் வருகிறது. வேலைநிறுத்த ஊர்வலத்தில் இளம்பெண்கள் சிலர் “எங்களுக்கு ரொட்டி வேண்டும், ரோஜாவும் வேண்டும்” என்ற பதாகையை ஏந்திச் சென்றார்கள் என்று அவர் குறிப்பு எழுதினார்.

நான்கு ஆண்டுக்குள் ஒரே கவிதைக்கு மூன்று பிறந்த வீடுகள். கடைசியாகச் சொல்லப்பட்டதுதான் நிலைத்துவிட்டது. அந்தத் தொகுப்பு பரவலாகப் படிக்கப்பட்டது என்பது ஒரு காரணம். போராட்டத்தில் பிறந்த முழக்கம் என்று நம்புவதில் நமக்கு ஒரு நிறைவு கிடைக்கிறது, அது இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன்.

மழைக்குருவி

“மேற்கில் உள்ள பெண்கள்” என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு பெயர் கிடைக்கிறது: ஹெலன் டாட். சிகாகோ இருக்கும் இல்லினாய்ஸ் மாநிலத்தில் தொழிற்சாலை ஆய்வாளராக இருந்தவர். ஆலைகளில் வேலை செய்த 500 குழந்தைகளிடம் 1909இல் பேசிப் பார்த்திருக்கிறார். பள்ளிக்குப் போவதைவிட ஆலை வேலையே மேல் என்று 412 பேர் சொன்னார்களாம். அந்தப் பள்ளிகள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு அந்த எண் மறக்கவே இல்லை.

அவர் வாக்குரிமை இயக்கத்திலும் இருந்தார். 1910 கோடையில் இல்லினாய்ஸின் சிற்றூர்களுக்குப் பெண்கள் சிலர் காரில் போய், ஒரு வாரம் பெண்களுக்கு ஓட்டு கேட்டுப் பிரசாரம் செய்தார்கள். அந்தப் பயணத்தைப் பற்றி டாட் எழுதிய கட்டுரை 1911 செப்டம்பரில் வெளிவந்தது. எந்த இதழில் தெரியுமா? அதே ‘தி அமெரிக்கன் மேகசின்’தான். ஓப்பன்ஹைமின் கவிதைக்கு மூன்று மாதம் முன்னால்.

கட்டுரையில் ஒரு காட்சி வருகிறது. முந்தின இரவு கூட்டம் முடிந்து ஒரு பண்ணை வீட்டில் தங்கியிருக்கிறார்கள். அந்த வீட்டில் வேலைக்கு இருந்த இளம்பெண்ணும் கூட்டத்துக்கு வந்திருந்தவள். கூட்டத்தில் உனக்கு எது மிகவும் பிடித்தது என்று டாட் கேட்கிறார். பெண்கள் ஓட்டுப் போட்டால் எல்லோருக்கும் ரொட்டியும் பூவும் கிடைக்கும் என்று சொன்னீர்களே, அதுதான் பிடித்தது என்கிறாள் அவள். ‘பூ’ என்றுதான் சொல்கிறாள், ரோஜா என்று சொல்லவில்லை. டாட் அதை “எல்லோருக்கும் ரொட்டி, ரோஜாவும் கூட” என்று எழுதுகிறார். பெண்களுக்கு ஓட்டு என்ற நடைமுறைக் கோரிக்கைக்குப் பின்னால் இருக்கும் இயக்கத்தின் ஆன்மாவை இதைவிட நன்றாக எந்தச் சொல்லும் சொல்லாது என்பது அவர் கருத்து.

அப்புறம் டாட் கலிபோர்னியாவுக்குப் போய் அங்கே நடந்த வாக்குரிமைப் பிரசாரத்தில் சேர்ந்தார். 1911 அக்டோபர் வாக்கெடுப்பில் அந்த மாநிலப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. அந்தப் பிரசாரத்தில் இதே வாசகம் எழுதிய பதாகை இருந்தது என்றும் சொல்லப்படுகிறது. அதனால் “மேற்கு” என்ற சொல் சிகாகோவுக்கும் பொருந்தும், கலிபோர்னியாவுக்கும் பொருந்தும்.

தறிச்சத்தம்

எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு மனம் ஒப்பவில்லை, வெளிப்படையாகவே சொல்கிறேன்.

என் அம்மா நூற்பாலையில் வேலை பார்த்தவர். லாரன்ஸ் பெண்களின் கதை எனக்கு வெறும் தகவல் அல்ல. இப்போது ஆதாரம் எங்கே, படம் எங்கே என்று கேட்டு அவர்கள் கையிலிருந்து அந்தப் பதாகையை வாங்கி, காரில் வந்த படித்த பெண்மணி ஒருவர் கையில் கொடுக்கிறோம். இது எப்போதும் நடப்பதுதானே? புலம்பெயர்ந்து வந்த ஏழைப் பெண்கள் ஊர்வலத்தில் எதைப் பிடித்தார்கள் என்று எந்தப் பத்திரிகைக்காரர் அக்கறையாகக் குறித்து வைத்திருப்பார்? குறிக்கவில்லை என்பதாலேயே நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

பழந்தாள்

தறிச்சத்தம், உங்கள் கேள்வி நியாயமானது. எழுதப்படாததெல்லாம் நடக்காதது என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். எழுத்தில் இல்லாதவர்களின் வரலாற்றைத் தேடித்தான் இந்த வேலைக்கே வந்தேன்.

ஆனால் லாரன்ஸ் யாரும் கவனிக்காமல் விட்ட போராட்டம் அல்ல. 20,000க்கும் மேற்பட்டவர்கள் வேலையை நிறுத்தினார்கள். அமெரிக்கா முழுவதிலிருந்தும் நிருபர்கள் வந்து இறங்கினார்கள். ஏராளமான புகைப்படங்கள் இருக்கின்றன, நாடாளுமன்ற விசாரணையே நடந்து அதன் வாக்குமூலங்கள் அச்சில் கிடைக்கின்றன. இவ்வளவுக்கும் நடுவே 1912ஆம் ஆண்டின் செய்தி எதிலும், படம் எதிலும் இந்தப் பதாகையை ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கவில்லை. முதல் குறிப்பு மூன்று ஆண்டு கழித்து ஒரு இலக்கியத் தொகுப்பில் வருகிறது. கவிதை ஏற்கெனவே வெளிவந்திருந்ததால், போராடியவர்கள் யாராவது அதைப் படித்துவிட்டு ஒரு தட்டியில் எழுதிப் பிடித்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. முழக்கம் அங்கே பிறந்தது என்பதை மட்டும் தேதி மறுக்கிறது.

அந்தப் பெண்கள் உண்மையில் எதைச் சொல்லிக்கொண்டு வெளியே வந்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. பெண்களுக்கும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் வார வேலை நேரத்தை 56 மணியிலிருந்து 54 மணியாகக் குறைக்கும் மாநிலச் சட்டம் 1912 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆலை முதலாளிகள் நேரத்தைக் குறைத்த கையோடு கூலியையும் குறைத்தார்கள். வாரத்துக்குச் சுமார் 32 சென்ட். ஜனவரி 11 அன்று எவரெட் ஆலையில் சம்பள உறையைப் பிரித்துப் பார்த்த போலந்துப் பெண்கள் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். “கூலி குறைகிறது!” என்பதுதான் அன்று ஆலைகளில் எழுந்த குரல். பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகும் ரொட்டியில் கை வைத்தார்கள் என்பதால் எழுந்த குரல் அது. அதற்கு யாரும் கவிதை எழுதவில்லை, ஆனால் அது அவர்களுடைய சொந்தக் குரல். அதை முதலில் கேட்போமே.

எழுதுகோல்

இடையில் ஒரு சின்னக் கேள்வி. 1917இல் ரஷ்யப் பெண்கள் எழுப்பியதும் ரொட்டி முழக்கம்தானே? அதிலிருந்து வந்திருக்க வாய்ப்பில்லையா? இன்னொன்று, 1857 மார்ச் 8இல் நியூயார்க் நெசவுப் பெண்கள் நடத்திய ஊர்வலத்திலேயே இது இருந்தது என்று எங்கோ படித்த நினைவு.

மழைக்குருவி

1917 மார்ச் 8 அன்று பெட்ரோகிராட் நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கியது உண்மை. மகளிர் நாள் மார்ச் 8 ஆனதற்கே அதுதான் காரணம். ஜெர்மன் சோஷலிசத் தலைவர் கிளாரா ஜெட்கின் 1910இல் கோபன்ஹேகன் மாநாட்டில் மகளிர் நாளை முன்மொழிந்தபோது குறிப்பிட்ட தேதி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதற்கும் ரோஜாவுக்கும் தொடர்பில்லை, காலத்தாலும் அது பிந்தியது.

1857 ஊர்வலம் நடந்ததற்கே சான்று இல்லை. பிரெஞ்சு ஆய்வாளர்கள் லிலியான் காந்தெல், பிரான்சுவாஸ் பிக் இருவரும் 1982இல் இதைத் தேடிப் போனார்கள். 1955இல் பாரிஸின் ‘லுமானித்தே’ நாளிதழில்தான் அந்தக் கதை முதலில் தலைகாட்டுகிறது என்று கண்டார்கள். நம் மகளிர் நாள் கட்டுரைகள் பலவற்றில் இன்றும் அது அப்படியே வருகிறது. தயவுசெய்து அதையும் வெளியீட்டில் சேர்த்துவிடாதீர்கள்.

சாளரம்

நீங்கள் யாரும் ரோஸ் ஷ்னைடர்மனைப் பற்றிப் பேசவில்லையே. ஆங்கிலத்தில் இந்த முழக்கத்தைத் தேடினால் பாதிப் பேர் அவர் பெயரைத்தான் போடுகிறார்கள்.

போலந்தில் பிறந்து சிறுமியாக நியூயார்க்கிற்கு வந்தவர், தொப்பி தைக்கும் தொழிலாளி, அப்புறம் தொழிற்சங்கத் தலைவர். 1911 மார்ச் 25இல் நியூயார்க்கின் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீயில் 146 பேர் இறந்தபோது, வசதி படைத்தவர்கள் நிறைந்த கூட்டத்தில் நின்று அவர்கள் முகத்துக்கு நேரே கேள்வி கேட்டவர். 1912இல் ஒஹாயோ மாநில வாக்குரிமைப் பிரசாரத்துக்காக க்ளீவ்லாந்தில் பேசும்போது அவர் சொன்னதன் சாரம் இதுதான்: தொழிலாளிக்கு ரொட்டி வேண்டும், ஆனால் அவளுக்கு ரோஜாவும் வேண்டும். வசதியான பெண்களே, அவள் போராடுவதற்கு ஓட்டு என்ற ஆயுதத்தை வாங்கிக் கொடுங்கள்.

நாம் மேற்கோள் காட்டும்போது முதல் வாக்கியத்தோடு நிறுத்திவிடுகிறோம். இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் அவர் அந்த மேடையில் ஏறினார். (ஒஹாயோவில் அந்த முறை தோற்றுப் போனார்கள்.)

தறிச்சத்தம், உங்களுக்கு இது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன். முழக்கத்தை உலகுக்குக் கொண்டுபோன முக்கியக் குரல்களில் ஒன்று தையல் வேலை செய்த பெண்ணின் குரல். அவர்தான் முதலில் சொன்னார் என்று மட்டும் சொல்ல முடியாது, டாட்டின் கட்டுரை அவர் பேச்சுக்கு முந்தையது.

மழைக்குருவி

சாளரம் சொன்னதைப் படித்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. பண்ணை வீட்டுப் பெண், டாட், ஷ்னைடர்மன் ஆகிய மூன்று பேர் வாயிலும் இந்தச் சொல் வரும்போது பக்கத்திலேயே ஓட்டு இருக்கிறது. நாம் சொல்லும் கதையில் ஓட்டு எங்கே? காணவே காணோம். ஆதாரமில்லாத பதாகையை உள்ளே கொண்டுவந்தோம், ஆதாரமுள்ள வாக்குரிமையை வெளியே தள்ளிவிட்டோம்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. “எல்லோருக்கும் ரொட்டி” என்றுதான் டாட் எழுதினார். சின்க்ளேரின் குறிப்பில் அது “எங்களுக்கு வேண்டும்” ஆகிறது. தமிழில் நாம் இந்த இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டோம். முதலாளியைப் பார்த்துக் கேட்கும்போது “எங்களுக்கு” சரிதான். ஓட்டுக் கேட்டு வந்த பெண்கள் அதைவிடப் பெரிதாக ஒன்றைச் சொன்னார்கள்: அதிகாரத்தில் எங்களுக்குப் பங்கு கொடுங்கள், எல்லோருக்கும் கிடைக்கும்படி செய்கிறோம். அந்த ஒரு சொல்லை இழந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ரோஜா என்றதும் காதலர் தினத்தையும் பூங்கொத்தையும் நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மகளிர் நாளன்று அலுவலகங்களில் ஆளுக்கு ஒரு ரோஜா நீட்டும் வழக்கமும் வந்துவிட்டது. டாட் விளக்கமாகவே எழுதியிருக்கிறார். ரொட்டி என்றால் வீடு, தங்குமிடம், பாதுகாப்பு. ரோஜா என்றால் இசை, கல்வி, இயற்கை, புத்தகம். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இவை எல்லாம் உரிமையாகக் கிடைக்கும் காலத்தைப் பெண்ணின் ஓட்டு அருகில் கொண்டுவரும் என்றார். பள்ளியை வெறுத்த 412 குழந்தைகளின் பேச்சைக் கேட்டவர் எழுதிய வரி இது.

நூல்கண்டு

அப்படியென்றால் முதலில் சொன்னவள் அந்தப் பண்ணை வீட்டுப் பெண் என்று எழுதிவிடலாமா? ஒரு வேலைக்காரப் பெண்ணின் வாயில் பிறந்த சொல் என்று போட்டால் மிகவும் அழகாக இருக்கும்.

பழந்தாள்

அழகாகத்தான் இருக்கும், அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. லாரன்ஸ் பதாகையும் அழகாக இருந்ததால்தானே நூறு ஆண்டு யாரும் தேதியைப் பார்க்கவில்லை!

அவள் சொன்னதை மறுபடி படியுங்கள். கூட்டத்தில் கேட்டதில் தனக்குப் பிடித்ததைத் திருப்பிச் சொல்கிறாள். அப்படியானால் முந்தின இரவு மேடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த உருவகம் அதற்கு முன்னும் வேறு வேறு வடிவங்களில் புழங்கியதுதான். இரண்டு ரொட்டி இருந்தால் ஒன்றை விற்றுப் பூ வாங்கு என்ற பழமொழி அரபு மரபில் நெடுங்காலமாக உண்டு. எனவே ‘முதலில் சொன்னவர்’ என்ற நாற்காலியில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். அச்சில் நமக்குக் கிடைப்பது 1911 செப்டம்பர், ஹெலன் டாட். அவ்வளவுதான் சொல்ல முடியும், அது குறைவும் அல்ல.

அந்தப் பெண்ணுக்கு உரிய இடம் வேறு. ஒரு இரவு முழுக்க நடந்த பேச்சில் எதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தேர்ந்தெடுத்தவள் அவள். அவள் அதை மட்டும் எடுத்துச் சொன்னதால்தான் டாட்டுக்கே அந்தச் சொல்லின் வலிமை தெரிந்தது.

தறிச்சத்தம்

இரண்டு நாள் யோசித்துவிட்டு வருகிறேன். பழந்தாள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். “கூலி குறைகிறது” என்ற குரலைப் பற்றி எழுதியதுதான் என்னை மாற்றியது. லாரன்ஸைப் பற்றிப் பதாகையைத் தவிர எனக்கு என்ன தெரியும் என்று யோசித்தேன். கொஞ்சம்தான் தெரிந்தது. உட்கார்ந்து படித்தேன்.

கமெல்லா தியோலி என்ற சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது போதாததால், நான்கு டாலர் வாங்கிக்கொண்டு ஒருவர் சான்றிதழ் ஏற்பாடு செய்து கொடுக்க, ஆலை வேலைக்குப் போனவள். வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு நாள் இயந்திரம் தலைமுடியைப் பிடித்து இழுத்து, உச்சந்தலைத் தோலையே பிய்த்துவிட்டது. ஏழு மாதம் மருத்துவமனையில் கிடந்தாள். 1912 மார்ச்சில், 14 வயதில், வாஷிங்டனில் நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னாள். அதிபர் டாஃப்டின் மனைவியும் அந்த விசாரணையைக் கேட்க வந்திருந்தார். சில நாட்களில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள், மார்ச் 14 அன்று தொழிலாளர்கள் உடன்பாட்டை ஏற்றார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. கமெல்லா அதே ஊரில் வாழ்ந்து, பிள்ளை பெற்று, இறந்தும் போனார். தலையின் அந்த வழுக்கை தெரியாதபடி அவருக்குக் கொண்டை போட்டுவிட்டது அவருடைய மகள். ஆனால் அந்தக் காயம் எப்படி வந்தது, அம்மா வாஷிங்டனுக்குப் போய் என்ன பேசினார் என்று அந்த மகளுக்குத் தெரியவே தெரியாது. 1970களில் ஒரு பத்திரிகையாளர் தேடி வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. அந்த ஊரில் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசவே பயந்து பல பத்தாண்டு வாய்மூடி இருந்திருக்கிறார்கள்.

நான் பதாகைக்காகச் சண்டை போட்டேன். உண்மையில் பேசிய ஒரு பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. நூல்கண்டு, உள்ளட்டையில் இடம் இருந்தால் கமெல்லாவின் பெயரைச் சேருங்கள். இடம் இல்லையென்றால் பின்னட்டையிலாவது.

சாளரம்

தறிச்சத்தம், இதைப் படித்துவிட்டு வெகு நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நன்றி.

நூல்கண்டு

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் குழுவிடம் பேசினேன், ஒரு முழுப் பக்கம் கொடுத்துவிட்டார்கள். முழக்கத்தையும் மாற்றிவிட்டேன். வரைவு இது:

“எல்லோருக்கும் ரொட்டி, ரோஜாவும் கூட. அமெரிக்காவில் பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்தில் எழுந்த முழக்கம். 1910 கோடையில் இல்லினாய்ஸில் நடந்த ஒரு கூட்டத்தைக் கேட்ட பண்ணை வீட்டு வேலைக்காரப் பெண் ஒருத்தி, ‘ரொட்டியும் பூவும்’ என்று அதை நினைவில் வைத்திருந்தாள். ஹெலன் டாட் அதை 1911இல் அச்சில் கொண்டுவந்தார். அதே ஆண்டு ஜேம்ஸ் ஓப்பன்ஹைம் கவிதையாக்கினார். ரோஸ் ஷ்னைடர்மன் 1912இல் ஓட்டுரிமை கேட்டு இதை முழங்கினார். 1912 லாரன்ஸ் வேலைநிறுத்தத்தின் பெயரோடு இது பின்னர் இணைந்தது. அந்த வேலைநிறுத்தத்தின்போது நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்ன 14 வயது ஆலைத் தொழிலாளி கமெல்லா தியோலியின் கதை எதிர்ப்பக்கத்தில்.”

எதிர்ப்பக்கத்தைத் தறிச்சத்தம் எழுதித் தர வேண்டும். மாட்டேன் என்று சொல்லக் கூடாது.

தறிச்சத்தம்

எழுதுகிறேன். அம்மாவிடம் முதலில் படித்துக் காட்டிவிட்டு அனுப்புகிறேன்.

பழந்தாள்

வரைவு நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு திருத்தம்: “அதே ஆண்டு” என்று விடாமல் “1911 டிசம்பரில்” என்று மாதத்தோடு போடுங்கள். படிப்பவர்கள் லாரன்ஸின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்த மாதம் வேண்டும்.